'அந்த மரபணு எங்கட ஆக்களுக்கும் இருக்காம்': புற்றுநோய்ச் செய்தியை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"குறிப்பிட்ட இனத்தவரின் நோய் எதிர்ப்பு மரபணுவில் மாற்றம், புற்றுநோய் அபாயம் கூடுதல்" என்று போனில் ஒரு செய்தி வந்தால், களுவாஞ்சிக்குடியோ அக்கரைப்பற்றோ, முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "அது எங்கட ஆக்களுக்கும் இருக்கா?" நியாயமான கேள்வி. பதில் தேடும்போதுதான் சறுக்குகிறோம்.

வேறொரு சனத்திடம் கண்டதை அப்படியே நம்மேல் போட்டுப் பார்ப்பது பெரிய தவறு. டிஎல்ஆர்4 என்ற வாங்கியை, அதாவது வெளியிலிருந்து வருவதை உணரும் ஒரு புரதத்தை, எடுத்துக்கொள்வோம். கலத்தின் மேற்பரப்பில் இருந்தபடி, சிலவகை பக்டீரியாக்களின் உறைத் துண்டுகளை உணர்ந்து அழற்சியைத் தொடக்கிவைப்பது இது. இது இப்படி உணர்வதை 1998 இல் கண்டறிந்த அறிவியலாளர் புரூஸ் பியூட்லர் 2011 இல் நோபல் பரிசு பெற்றார். இந்த வாங்கியின் 299 ஆவது இடத்தில் மரபணு மாற்றத்தால் ஒரேயொரு அமினோ அமிலம் (புரதத்தின் ஓர் அலகு) மாறியிருப்பதை ஐரோப்பியரில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் காணலாம். சீனரிடமும் யப்பானியரிடமும் அது மிக அரிது. வெள்ளையரிடம் இரைப்பைப் புற்றுநோயோடு தொடர்பு காட்டிய அதே மாற்றத்தைச் சீனாவில் ஆராய, அது உள்ளவர்களே போதாது.

இன்னொன்று, யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பாராமல் விடுவது. அம்பாறை மாவட்டத்தில் இப்படி ஓர் ஆய்வு நடப்பதாக வைத்துக்கொள்வோம். நோயாளிகளை முஸ்லிம்கள் வாழும் சாய்ந்தமருதிலும் நோயில்லாதவர்களைச் சிங்களவர் வாழும் உகணையிலும் திரட்டினால், தெரியும் வேறுபாடு நோயோடு சேர்ந்ததா, இரு சமூகங்களின் பரம்பரை வேறு என்பதால் வந்ததா? பிரிக்கவே முடியாது. இது தெரியாமல் "முஸ்லிம் மரபணு", "தமிழ் மரபணு" என்று பேசுவது மனிதருக்கும் கேடு, அறிவியலுக்கும் கேடு.

அபாயம் "ஒன்றரை மடங்கு" என்றதும் பதறவும் வேண்டாம். உதாரணமாக, ஆயிரத்தில் 10 பேருக்கு வரும் நோய் 15 பேருக்கு வரும் என்பதே அதன் பொருள். அந்த மாற்றம் இருந்தும் மிச்சம் 985 பேருக்கு நோய் வராது.

என்னை மிகவும் வருத்துவது வேறு. "எல்லாம் பரம்பரை, இனி வெத்திலையை விட்டு என்ன?" என்ற பேச்சு. கலியாண வீட்டில் வெத்திலைத் தட்டமான வட்டா நகர்கிறது. சீவல், சுண்ணாம்பு, புகையிலைத் துண்டு எல்லாம் மடித்துக் கொடுப்புக்குள் அடக்கிக்கொள்கிறார்கள். அது மணிக்கணக்காக உரசிக்கிடக்கும் அந்தக் கன்னத்தின் உட்தோலில்தான் புற்று பெரும்பாலும் முளைக்கிறது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். "நான் புகையிலை சேர்ப்பதில்லை" என்பதும் தப்பவைக்காது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கையே புற்றுநோய் தரும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. மரபணுவை மாற்ற முடியாது, வட்டாவைத் தள்ளிவைக்கலாம்.

காசு கட்டி மரபணு டெஸ்ட் செய்ய ஓடுவதைவிட, கண்ணாடி முன் வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் எது இருந்தாலும், கிட்டவுள்ள அரச ஆஸ்பத்திரியின் பல் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காசில்லாமல் பார்ப்பார்கள். நோகவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். தொடக்கத்தில் அது பெரும்பாலும் நோகாது.