ஸ்கிம்மர் இல்லாமல் ரீஃப் டேங்க்: பெங்களூருவில் நாம் அடிக்கடி செய்யும் தவறுகள்

அல்சூரில் என் வீட்டு ஹாலில் 110 லிட்டர் ரீஃப் டேங்க் ஒன்று, அதாவது பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, இருக்கிறது. ஆறு வருடமாக அதில் ஸ்கிம்மர், அதாவது கழிவை நுரையாக வெளியேற்றும் கருவி, கிடையாது. பார்க்க வரும் தம்பிகள் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணா, ஸ்கிம்மரைக் கழற்றிட்டா சத்தமும் இல்லை, கரண்டும் மிச்சம், காசும் மிச்சம். நானும் கழற்றிடட்டுமா?" கழற்றலாம். ஆனால் அது இதுவரை என்னென்ன வேலை செய்தது, இனி அவற்றை யார் செய்வது என்று முடிவு பண்ணிவிட்டுக் கழற்றுங்கள் என்பேன். நான் பார்த்தவரை, கழற்றியவர்களின் டேங்க் கெட்டுப்போனது பெரும்பாலும் கழிவு சேர்ந்ததால் அல்ல, மூச்சு முட்டியதால்தான்.

ஸ்கிம்மர் உப்புநீருக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்களைக் கலக்குகிறது. மீன் கழிவிலிருந்தும் தின்ற மிச்சத்திலிருந்தும் வரும் கரிமப் பொருட்கள் அந்தக் குமிழ்களில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறி, கப்பில் கருந்தேநீர் நிறத்தில் சேர்கின்றன. அவை அழுகி அமோனியாவாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுவதற்கு முன்பே வெளியே போய்விடுகின்றன. இது கண்ணுக்குத் தெரியும் வேலை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. அத்தனை குமிழ்களும் தண்ணீருக்கு ஆக்சிஜனைக் கொடுத்து, கார்பன் டை ஆக்சைடை வெளியே எடுத்துச் செல்கின்றன.

முதல் வேலைக்கு ஸ்கிம்மர் கட்டாயம் இல்லை. 1961-லேயே ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் 'உயிருள்ள பாறை'களையும் ஏர் பம்ப் குமிழ்களையும் மட்டும் வைத்துப் பவளங்களை வளர்த்த முறையைப் பற்றி எழுதினார். அமோனியாவை மாற்றுவது பாறையிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள்தான். 2009-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் பல ஸ்கிம்மர்களைச் சோதித்தபோது, தண்ணீரில் இருந்த மொத்தக் கரிமக் கார்பனில் ஏறக்குறைய 20 முதல் 35 சதவீதம் வரைதான் அவை எடுத்தன. மீதி தண்ணீரிலேயே இருந்தது. அப்படியானால் இழப்பு பெரிதில்லை என்று தோன்றும். கழிவைப் பொறுத்தவரை அது சரி. காற்றைப் பொறுத்தவரை சரியில்லை.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. அழுத்தம் எந்த அளவுக்குக் குறைகிறதோ, அதே அளவுக்குத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். 25 டிகிரியில் இருக்கும் கடல்நீர் கடற்கரையில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் என்றால், நம் ஊரில் அதே தண்ணீர் 6 மில்லிகிராம்தான் பிடிக்கும். ஏப்ரலில் தண்ணீர் 30 டிகிரிக்கு ஏறினால் இன்னும் குறையும். மேலும், சாதாரணத் தண்ணீரைவிட உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். இரவில் விளக்கை அணைத்ததும் பவளம், பாசி, மீன், பாக்டீரியா என்று எல்லாமே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குத்தான் டேங்க்கில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோய் இருக்கும். பகலில் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று நினைப்பது அதனால்தான் ஏமாற்றிவிடுகிறது.

இதற்குச் செலவு அதிகம் இல்லை. டேங்க்குக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் பம்ப்புகளில் ஒன்றைச் சற்று மேல்நோக்கித் திருப்பி, தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் நெளிந்துகொண்டே இருக்கும்படி வையுங்கள். எல்.ஈ.டி. வெளிச்சம் மணலில் அலையலையாக ஆட வேண்டும், அதுதான் அடையாளம். மேலே கண்ணாடி மூடி இருந்தால் எடுத்துவிட்டு, மீன் குதிக்காதபடி வலை போடுங்கள். எண்ணெய்ப் படலம் மிதந்தால் அது காற்றை உள்ளே விடாது. சம்ப் (டேங்க்குக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) உள்ளவர்களுக்கு, தண்ணீர் அதற்குள் வழிந்து போகும் ஓவர்ஃப்ளோ அந்தப் படலத்தை இழுத்துக்கொள்ளும். இல்லாதவர்கள் ஒரு டிஷ்யூ பேப்பரை மேற்பரப்பில் விரித்து எடுத்தாலே படலம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். டிசம்பர் குளிருக்கு ஜன்னலை எல்லாம் மூடிவைத்தால், நாம் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடே அறையில் தங்கி, தண்ணீரின் பி.எச்.-ஐ (அமில, காரத் தன்மையின் அளவு) இறக்கும். ஒரு ஜன்னலையாவது கொஞ்சம் திறந்து வையுங்கள். அப்புறம், கரண்ட் போனால் தானாகவே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். மீன் வாங்கும் முன்பே அதை வாங்குங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது வருடம் என் டேங்க்கில் நைட்ரேட் 40 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 40 பங்கு) ஏறிவிட்டது. வினிகர் ஊற்றினால் பாக்டீரியா பெருகி நைட்ரேட்டைத் தின்றுவிடும் என்று படித்திருந்தேன், அது உண்மையும்கூட. தினமும் ஊற்றினேன், அளவையும் வேகமாகக் கூட்டினேன். ஒரு நாள் காலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தால் தண்ணீர் பால் கலந்தது போல் இருந்தது. இரண்டு கிளவுன் மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஏர் பம்ப்பை ஓட்டி, கையிலிருந்த உப்புநீரையெல்லாம் மாற்றியும் ஒன்று பிழைக்கவில்லை. வினிகரோ ஓட்காவோ ஊற்றும் முறையில் பெருகும் பாக்டீரியாவை வெளியேற்றுவதும் ஸ்கிம்மர்தான், அவை குடித்துத் தீர்க்கும் ஆக்சிஜனை ஈடுகட்டுவதும் ஸ்கிம்மர்தான். அது இல்லாத டேங்க்கில் இந்த முறையைத் தொடவே வேண்டாம். பாட்டிலில் என்ன பெயர் போட்டு விற்றாலும், கார்பன் டோசிங் என்றால் இதேதான்.

நைட்ரேட்டைக் குறைக்க நமக்கு உள்ள முதல் வழி தண்ணீர் மாற்றுவது. இங்கேயும் ஒரு கணக்குத் தவறு நடக்கிறது. வாரம் 10 சதவீதம் மாற்றினால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று நினைக்கிறோம். உங்கள் டேங்க்கில் வாரத்துக்கு 3 பி.பி.எம். நைட்ரேட் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதம் மாற்றிக்கொண்டே போனால் அது மெல்ல ஏறி, ஒவ்வொரு முறை மாற்றுவதற்கு முன்பும் பார்த்தால் 30-இல் போய் நிற்கும். அதே டேங்க்கில் 20 சதவீதம் மாற்றினால் 15-இல் நிற்கும். வாரச் சேர்க்கையை மாற்றும் விகிதத்தால் வகுத்தால் இந்த எண் கிடைத்துவிடும். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் இருந்து, தொடக்கத்திலும் முடிவிலும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். எத்தனை சதவீதம் மாற்ற வேண்டும் என்பதை உங்கள் டேங்க்கே சொல்லிவிடும். என்னுடையதில் ஞாயிறுதோறும் 22 லிட்டர். அதற்கு 800 கிராமுக்கு மேல் உப்பு வேண்டும். முந்தின நாளே கலந்து பம்ப் ஓட்டி வைத்துவிடுகிறேன். இதனால்தான் 150 லிட்டருக்குள் இருக்கும் டேங்க்குகளுக்கு ஸ்கிம்மர் இல்லாத முறை நன்றாகப் பொருந்துகிறது. 500 லிட்டர் டேங்க்கில் வாரம் 100 லிட்டர் கலப்பது எல்லோராலும் முடியாது.

எந்தத் தண்ணீரில் உப்பைக் கலக்கிறோம் என்பது அதைவிடப் பெரிய விஷயம். நம் தெருக்களில் ஒரு வீட்டுக்குக் காவிரித் தண்ணீர், பக்கத்து வீட்டுக்கு போர்வெல், கோடை வந்தால் இரண்டு பேருக்கும் டேங்கர். போர்வெல் தண்ணீரில் நைட்ரேட் இருக்கலாம். காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். "வீட்டில் ஆர்.ஓ. இருக்கே" என்று குடிக்கும் தண்ணீரையே எடுத்து ஊற்றுகிறவர்கள் நிறைய. அந்த மெஷின்களில் பலவற்றில், ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திருப்பிக் கலக்கும் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. சிலவற்றில் மினரல் சேர்க்கும் கார்ட்ரிஜ் இருக்கும். இப்போது செம்பு சேர்த்துத் தரும் மாடல்களும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. நமக்கு நல்லதென்று சொல்லப்படும் அந்தச் செம்பு பவளத்துக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். ஆறு மாதமாக எந்தப் பவளமும் தங்கவில்லை என்று ஜீவன்பீமா நகரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். விளக்கை மாற்றியிருக்கிறார், உப்பு பிராண்டை மாற்றியிருக்கிறார். போய்ப் பார்த்தால் சமையலறையில் செம்பு மாடல் ஆர்.ஓ. இருந்தது. டேங்க்குக்கென்று தனி ஆர்.ஓ. மெம்பரேன் வைத்து, அதற்குப் பின்னால் மிச்ச உப்புகளையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் போட்டு, கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டினால்தான் அந்தத் தண்ணீரை எடுங்கள்.

ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டவும் இதே பூஜ்யத் தண்ணீர்தான், உப்புநீர் அல்ல. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கிறது. மார்ச், ஏப்ரலில் நம் ஊர்க் காற்று உலர்ந்து இருப்பதால் டேங்க் மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்தாலே சில டிகிரி இறங்கும், சென்னையின் புழுக்கத்தில் அது அவ்வளவு எடுபடாது. ஆனால் ஃபேன் ஓடும் நாட்களில் தண்ணீர் வேகமாகக் குறையும். அன்றாடம் ஊற்றாவிட்டால் உப்பு ஏறிவிடும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உறைந்த உணவை உருக்கி, அந்தச் சாற்றை வடித்துவிட்டுப் போடுங்கள். மீன் ஓரிரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். கழிவைப் பிடிக்கும் ஃபில்டர் சாக்ஸையும் (வடிகட்டும் துணிப்பை) ஃபிளாஸையும் (வடிகட்டும் பஞ்சு) மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாரக்கணக்கில் விட்டால் பிடித்த கழிவு அங்கேயே அழுகும். என் அளவு டேங்க்கில் இரண்டு கிளவுன் மீன், ஒரு கோபி மீன், அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். சர்ஜன் மீன் என்றும் சொல்லப்படும் டேங் (tang) மீன் வேண்டாம்.

சம்ப்பில் கீட்டோ எனப்படும் பச்சைக் கடற்பாசியை ஒரு தனி விளக்கின் கீழ் வளர்ப்பது நல்ல வழி. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அது உடம்பாக மாற்றிக்கொள்கிறது. ஆனால் வளர்ந்த பாசியைப் பிய்த்து வெளியே எடுத்தால்தான் அவை டேங்க்கைவிட்டுப் போகும். பொறாமைப்படும் அளவுக்குப் பச்சைப் பந்து வளர்த்துவிட்டு, அழகாக இருக்கிறதே என்று தொடாமல் விடுகிறவர்கள் உண்டு. இன்னொன்று, அதன் விளக்கை இரவில் எரியவிடுங்கள். டேங்க் இருட்டாக இருக்கும் நேரத்தில் அது ஆக்சிஜன் கொடுக்கும், பி.எச். சரிவதையும் தடுக்கும். மேலே சொன்ன விடியற்காலைப் பிரச்சினைக்குப் பாதி மருந்து இது.

பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்வதும் நடக்கிறது. ஸ்கிம்மர் இல்லையே என்று பாஸ்பேட் ரிமூவர், கீட்டோ, பெரிய தண்ணீர் மாற்றம் எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்து, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் என்று சந்தோஷப்படுகிறார்கள். பவளத்துக்கும் சாப்பாடு வேண்டும். இரண்டும் பூஜ்யத்தில் நின்றால் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வந்து மணல் முழுக்கப் பழுப்புச் சளி போல, காற்றுக் குமிழ்களோடு படரும். அதை விரட்ட மாதங்கள் ஆகும். நைட்ரேட் 5-லிருந்து 10, பாஸ்பேட் 0.05 பக்கம் இருந்தால் ஜோயாந்திட், மஷ்ரூம், லெதர் போன்ற பவளங்கள் எல்லாம் நிம்மதியாக விரியும். லெதர் வைத்திருந்தால் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பனும் (வடிகட்டும் கரி, மேலே சொன்ன கார்பன் டோசிங் அல்ல) போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள். அது கசியவிடும் நச்சையும் தண்ணீரின் மஞ்சளையும் கார்பன் பிடித்துக்கொள்ளும்.

பாறை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஊர் இராமநாதபுரம் பக்கம் என்றால், விடுமுறைக்குப் போகும்போது கடற்கரையிலிருந்து நான்கு பவளப் பாறைகளைப் பையில் போட்டுக்கொண்டு வரலாம் என்று தோன்றும். வேண்டாம். கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியோடு அதே வரிசையில். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டியே தேய்ந்துபோன பவளத்திட்டு அது, நம் கடல். உலர்ந்த பாறை அல்லது செராமிக் பாறை வாங்கி, நண்பர் ஒருவரின் பழைய டேங்க்கிலிருந்து ஒரு கைப்பிடி மணல் கொண்டுவந்து போட்டால் உயிர் தானாகப் பரவும். அதற்கு நாள் பிடிக்கும். ஸ்கிம்மர் இல்லாத டேங்க் முழுக்கப் பாறையின் உயிரை நம்பித்தான் நிற்கிறது, எனவே அமோனியா பூஜ்யத்துக்கு வந்த பிறகும் ஓரிரு மாதம் பொறுத்து முதல் மீனை விடுங்கள்.

ஏற்கெனவே ஸ்கிம்மரோடு ஓடும் டேங்க் என்றால் ஒரே நாளில் அணைத்துவிட வேண்டாம். முதலில் உணவைக் குறையுங்கள், மேற்பரப்பு ஓட்டத்தைக் கூட்டுங்கள். பிறகு பகலில் மட்டும் சில மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். இரவில் நிறுத்துவது கடைசி. ஒவ்வொரு படிக்கும் இரண்டு வாரம் கொடுத்து, விடியும் முன் எழுந்து மீன்களின் செவுள் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வாரம் 20 சதவீதம் மாற்றி, மூன்று மாதம் ஆன பிறகும் நைட்ரேட் 30-க்குக் கீழே வரவில்லை என்றால், மீன்களில் ஒன்றை நண்பருக்குக் கொடுங்கள். மீனைப் பிரிய மனம் வரவில்லை என்றால் ஸ்கிம்மரைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.