எரிபொருள் டேங்க் கசிந்தால் மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆராய்வது எப்படி?

ஆய்வக அறிக்கையில் பென்சீன் (பெட்ரோலில் உள்ள நச்சுப் பொருள்) "கண்டறியப்படவில்லை" என்று வந்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. அங்கே பென்சீன் இல்லாமல் இருக்கலாம். அல்லது அது இருக்கும் இடத்தில் நாம் தேடாமல் இருந்திருக்கலாம். இரண்டாவது எப்படியெல்லாம் நடக்கும் என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை பிடிபட்டுவிடும். துளையிடுவதும் மாதிரி எடுப்பதும் பயிற்சி பெற்றவர்களின் வேலை. அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

1. முதலில் பழைய பதிவுகள்

டேங்க் எப்போது புதைக்கப்பட்டது, அதில் என்ன எரிபொருள் இருந்தது, குழாய்கள் எந்தப் பக்கம் போகின்றன, முன்பு ஏதும் பழுது பார்த்தார்களா என்று பாருங்கள். டேங்க் மட்டும்தான் ஓட்டையாகும் என்றில்லை. குழாய் இணைப்பு, பம்பின் அடிப்பகுதி, லாரியிலிருந்து நிரப்பும் வாய் எல்லாமே சந்தேகப் பட்டியலில் வரும்.

தினசரி டிப் அளவையும் (டேங்கில் கோல் விட்டுப் பார்க்கும் இருப்பு அளவு) விற்பனைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெப்பநிலை மாறினாலே எரிபொருளின் கன அளவு மாறும் என்பதால் ஒருநாள் குறைவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வாரக்கணக்கில் ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே வந்தால்தான் விஷயம். அப்புறம், சுற்றிலும் உள்ள கிணறுகள், வடிகால்கள், தரைக்கீழ்த் தளங்கள் எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தில் குறியுங்கள். கசிவு கடைசியில் யாரைத் தொடக்கூடும் என்பதை இந்த வரைபடம்தான் காட்டும்.

2. பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் சேர்ந்தாலே, ஒரு தீப்பொறி பட்டால் தீப்பிடிக்கும். மின்கம்பி, எரிவாயுக் குழாய் எங்கே போகின்றன என்று உறுதி செய்யாமல் இயந்திரத்தை இறக்கக் கூடாது. மேல் ஒன்றரை மீட்டரைக் கையால் தோண்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

3. மண்ணைத் துளைத்தல்

டேங்க் குழியின் ஓரமாகவும் குழாய்ப் பாதையை ஒட்டியும் துளையிடுங்கள். கசிந்த எரிபொருள் பெரும்பாலும் நேர்கீழாக இறங்கும். நீர்மட்டத்தைத் தொட்டதும் பக்கவாட்டில் பரவும். பெட்ரோலின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறக்குறைய 0.75 பங்கு என்பதால் அது நீரின் மேல் மிதக்கும். நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும்போது, அந்த உயரத்திலுள்ள மண் முழுவதிலும் எண்ணெய் பூசிக்கொள்ளும். அதனால் மிக மோசமான மண் பெரும்பாலும் நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கும். மேலே இரண்டு மீட்டரில் மாதிரி எடுத்துவிட்டுச் சுத்தம் என்று எழுதினால், தேட வேண்டிய ஆழத்தைத் தொடவே இல்லை என்று அர்த்தம்.

இன்னொன்று: இடையில் தடித்த களிமண் அடுக்கு வந்தால் நிறுத்தி யோசியுங்கள். அதைத் துளைத்தால் மேலே தேங்கி நிற்கும் எரிபொருளுக்கு நீங்களே கீழே வழி போட்டுக் கொடுப்பீர்கள்.

எந்த ஆழத்து மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் பாதியளவு மண்ணைப் போட்டு மூடி, உதிர்த்துவிட்டு, சுமார் பத்து நிமிடம் கழித்து ஆவி அளக்கும் பிஐடி கருவியின் முனையை உள்ளே செருகுங்கள். எண் எங்கே ஏறுகிறதோ அந்த ஆழம் முக்கியம். டீசல் அவ்வளவு எளிதில் ஆவியாகாது என்பதால் அங்கே கருவி குறைவாகவே காட்டும்; அதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஆய்வகத்துக்குப் போகும் மாதிரியை இந்தப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. புதிதாக எடுத்த மண்ணை உடனே, கிளறாமல், மெத்தனால் ஊற்றிய குப்பியில் மூடி ஐஸில் வையுங்கள். வெயிலில் திறந்து கிடந்த மண்ணில் பென்சீன் இல்லை என்று வருவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

4. கண்காணிப்புக் கிணறுகள்

நிலத்தடி நீரின் மட்டத்தை அளக்கவும் மாதிரி எடுக்கவும் குழாய் இறக்கிய கிணறுகள் இவை. குறைந்தது மூன்று வேண்டும், ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. துளைகளுள்ள குழாய்ப் பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். அது முழுக்க மூழ்கிவிட்டால் மிதக்கும் பெட்ரோல் கிணற்றுக்குள்ளேயே வராது. மேல் பகுதியைப் பென்டோனைட் களிமண்ணால் அடைத்தால் தரையில் சிந்தியது உள்ளே வழியாது.

5. நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் இதுதான் முக்கியம். ஒவ்வொரு கிணற்றின் வாய் உயரத்தையும் சர்வே செய்து, அதிலிருந்து நீர்வரை உள்ள ஆழத்தைக் கழியுங்கள்.

ஓர் உதாரணம். நீர்மட்டம் முதல் கிணற்றில் 50.60 மீட்டர், இரண்டாவதில் 50.40, மூன்றாவதில் 50.10 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே 50 மீட்டர் தூரம். அந்த 50 மீட்டரில் நீர்மட்டம் 0.50 மீட்டர் இறங்குகிறது. அப்படியானால் 50.40 என்ற மட்டம் முதல் கிணற்றிலிருந்து 20 மீட்டரில் வரும். அந்தப் புள்ளியையும் இரண்டாவது கிணற்றையும் கோடு போட்டு இணையுங்கள். இது சம நீர்மட்டக் கோடு. இதற்குச் செங்குத்தாக, தாழ்ந்த பக்கம் நோக்கி அம்பு போட்டால் பொதுவாக நீர் ஓடும் திசை அதுதான்.

கிணற்றில் 40 சென்டிமீட்டர் பெட்ரோல் மிதந்தால் அது நீரைக் கீழே அழுத்தியிருக்கும். தடிமனை 0.75-ஆல் பெருக்கி, 30 சென்டிமீட்டரை நீர்மட்டத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். அந்த 40 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இருக்கும் தடிமன் அல்ல. கிணற்றில் பெரும்பாலும் கூடுதலாகவே தெரியும்.

தரை சாய்ந்திருக்கும் பக்கமே நீரும் ஓடும் என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு மோட்டார் கிணறு இறைத்தாலே திசை திரும்பிவிடும்.

6. நீர் மாதிரி

மாசு குறைந்த கிணற்றில் தொடங்கி மாசு மிகுந்ததற்குப் போங்கள். மெதுவாக இறைத்து, பிஎச், மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் ஆகியவை நிலைபெற்ற பிறகு எடுங்கள். 40 மில்லி குப்பியை விளிம்புவரை நிரப்பி மூடித் தலைகீழாகப் பிடியுங்கள். குமிழி தெரிந்தால் அந்தக் குப்பி வேண்டாம், வேறொன்றில் எடுங்கள். அமிலம் சேர்த்து 4 டிகிரி செல்சியஸில் வைத்தால் வழக்கமாக 14 நாள் வரை தாங்கும். பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கையும் கேளுங்கள். பெட்ரோலில் எம்டிபிஇ என்ற சேர்மானம் கலந்திருந்தால் அதையும் சேருங்கள். அது நீரில் நன்றாகக் கரைந்து மற்றவற்றைவிட முன்னால் ஓடிவிடும்.

7. முடிவைப் படித்தல்

உலக சுகாதார அமைப்பு குடிநீரில் பென்சீனுக்குச் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். உங்கள் இடத்தின் சட்ட வரம்பு வேறாக இருக்கலாம். எண்களை வரைபடத்தில் கிணறு வாரியாக எழுதுங்கள். நீர் ஓடும் திசையிலுள்ள கடைசிக் கிணற்றிலும் பென்சீன் வந்தால், அதற்கும் அப்பால் இன்னொரு கிணறு வேண்டும். அங்கே சுத்தமாக வந்தாலும், நீர்மட்டம் உயர்ந்திருக்கும் பருவத்தில் ஒருமுறையும் தாழ்ந்திருக்கும் பருவத்தில் ஒருமுறையும் மாதிரி எடுத்துப் பார்த்த பிறகே மாசின் எல்லைக்கோட்டை வரையுங்கள்.