வேலை நேரத்தில் விழுந்த பார்க்கிங் டிக்கெட்டைச் சம்பளத்தில் பிடிக்கலாமா? பிரித்தானிய ஊழியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரித்தானியாவில் நிறுவனத்தின் வேனை ஓட்டுபவர்களுக்கும், வீடு வீடாகச் சென்று முதியோரைப் பராமரிப்பவர்களுக்கும் பார்க்கிங் டிக்கெட் புதிதல்ல. டிக்கெட்டை விடப் பெரிய அதிர்ச்சி மாத முடிவில் வருகிறது. அண்மையில் ஒருவர் தன் சம்பளச் சீட்டை என்னிடம் காட்டினார். கழிவுகள் பகுதியில், வருமான வரிக்கும் தேசியக் காப்புறுதிக்கும் கீழே ‘பி.சி.என்.’ (பார்க்கிங் டிக்கெட்டைக் குறிக்கும் சுருக்கம்) என்று 100 பவுணும், அதன் கீழே ‘அட்மின்’ (நிர்வாகக் கட்டணம்) என்று இன்னொரு 35 பவுணும் பிடிக்கப்பட்டிருந்தன. எந்த நாள், எந்தத் தெரு, யார் அனுப்பிய டிக்கெட் என்று ஒரு சொல்லும் இல்லை. “பிழை என்னுடையதுதானே, அப்படியென்றால் அவர்கள் பிடிக்கலாம்தானே?” என்று கேட்டார்.

பிழை யாருடையது என்பது ஒரு கேள்வி, சம்பளத்தில் கை வைக்கலாமா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பலர் வாய் திறக்காமல் பணத்தை இழக்கிறார்கள்.

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து ஆகிய மூன்றிலும் 1996-ஆம் ஆண்டின் தொழில் உரிமைகள் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன் 13-ஆம் பிரிவின்படி ஒரு நிறுவனம் மூன்று வழிகளில் மட்டுமே சம்பளத்தில் பிடிக்கலாம்: வரியைப் போலச் சட்டமே அதற்கு இடம் தந்திருக்க வேண்டும்; அல்லது உங்கள் ஒப்பந்தத்தில் அதற்கான விதி இருந்து, அது பணம் பிடிப்பதற்கு முன்பே உங்களுக்கு எழுத்தில் தரப்பட்டிருக்க வேண்டும்; அல்லது நீங்கள் முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். பார்க்கிங் டிக்கெட்டுக்கு முதல் வழி பொருந்தாது. ஆகவே எல்லாம் ஒரு காகிதத்தில் வந்து நிற்கிறது.

அந்தக் காகிதத்தின் தேதி மிக முக்கியம். டிக்கெட் விழுந்த பிறகு மேலாளர் ஒரு படிவத்தை நீட்டி “இதில் கையெழுத்துப் போடுங்கள்” என்று சொல்வது வழக்கமாக நடக்கிறது. ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு செயலுக்காகப் பிடிப்பதற்கு, அதன் பிறகு வாங்கிய சம்மதம் செல்லாது என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பிடிக்காமல் “நீங்களே கட்டுங்கள்” என்று பணமாகக் கேட்டாலும், 15-ஆம் பிரிவு ஏறத்தாழ இதே நிபந்தனைகளை விதிக்கிறது. வேலைச் செலவுக்காக நிறுவனம் தவறுதலாகக் கூடுதலாகத் தந்துவிட்ட பணத்தைத் திரும்பப் பிடிப்பது போன்ற சில கழிவுகள் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன. ஆனால் அபராதத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட முடியாது.

எனவே முதலில் ஒப்பந்தத்தையும், வேலையில் சேர்ந்தபோது தந்த ஊழியர் கையேட்டையும், வாகனம் ஒப்படைத்தபோது கையெழுத்திட்ட தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசியுங்கள். ‘சட்டபூர்வமான எந்தக் கழிவையும் செய்யலாம்’ என்ற பொதுவான வரி இருந்தால் அது போதுமா என்று துணிந்து கேளுங்கள்; எதற்காக, எந்தச் சூழலில் பிடிக்கப்படும் என்பது விளங்கும்படி இருக்க வேண்டும். ‘ஓட்டுநரின் கவனக்குறைவால் வரும் அபராதம்’ என்று எழுதியிருந்தால், அது கவனக்குறைவால்தான் வந்ததா என்பது விவாதத்துக்குரியது. பொருள் இறக்க வேறு இடமே இல்லாத தெருவுக்கு நிறுவனமே அனுப்பியிருந்தாலோ, அங்கேயே நிறுத்தும்படி மேலாளர் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாலோ, அந்தச் செய்தியை அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். அட்மின் கட்டணத்தைத் தனியாகப் பாருங்கள். அபராதத்தைப் பற்றி மட்டும் பேசும் விதி, வாடகை வாகன நிறுவனமோ அலுவலகமோ அதன்மேல் ஏற்றும் தொகையைத் தானாகவே உள்ளடக்காது.

அடுத்து, டிக்கெட் எந்த வகை என்று பிரித்தறிய வேண்டும். பி.சி.என். என்ற அதே மூன்றெழுத்து இரண்டு வேறு பொருள்களுக்குப் பயன்படுவதால் மக்கள் ஏமாறுகிறார்கள். உள்ளூராட்சி மன்றம் அனுப்புவது சட்டப்படியான தண்டக் கட்டணம் (பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்). அதற்கு வாகன உரிமையாளரே பொறுப்பு. வாகனம் நிறுவனத்தின் பெயரில் இருந்தால், ஓட்டியவர் யார் என்று சொன்னாலும் மன்றத்தின் கண்ணில் அது நிறுவனத்தின் கடனாகவே இருக்கும். அதை உங்களிடமிருந்து மீட்க நிறுவனத்துக்கு இருக்கும் ஒரே பிடிமானம் உங்கள் ஒப்பந்தம். சூப்பர்மார்க்கெட், வைத்தியசாலை போன்ற இடங்களில் தனியார் பார்க்கிங் நிறுவனங்கள் அனுப்புவது அபராதமே அல்ல, அந்த இடத்தில் நிறுத்துவதற்கான ஒப்பந்தத்தை மீறியதாகக் கேட்கும் கட்டணம் (பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்). 2012-ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவு உரிமையாளர் ஓட்டுநரின் பெயரையும் முகவரியையும் கொடுத்துத் தன் பொறுப்பை இறக்கி வைக்கலாம். அப்படிச் செய்தால் கடிதம் நேரே உங்கள் வீட்டுக்கு வரும். அப்போது சம்பளத்தில் பிடிப்பதற்கான காரணமே இல்லாமல் போகிறது. தனியார் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்ற பழைய அறிவுரையைக் கேட்காதீர்கள். 2015-இல் செம்ஸ்ஃபோர்ட் கடைத்தொகுதி ஒன்றில் 2 மணி நேர இலவச நிறுத்தத்தை 56 நிமிடம் தாண்டியவரிடம் கேட்ட 85 பவுண் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாள்கணக்கு இங்கே பணமாகிறது. மன்றத்தின் டிக்கெட்டை 14 நாள்களுக்குள் கட்டினால் பாதித் தொகைதான். ஆனால் கட்டியவுடன் வழக்கு முடிந்துவிடும், பிறகு முறையிட வழியில்லை. நிறுவனத்தின் அலுவலகம் கடிதத்தைப் பல நாள்கள் மேசையில் வைத்திருந்துவிட்டு முழுத் தொகையைக் கட்டி, அந்த முழுத் தொகையையும் உங்களிடம் கேட்டால், தாமதத்தால் கூடிய பாதியை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பது நியாயமானது. உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டியிருந்தால், வெல்லக்கூடிய ஒரு முறையீட்டை அவர்களே மூடியிருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

குறைந்தபட்ச ஊதியத்துக்கு அருகில் சம்பளம் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேலைக்காக உங்கள் கையிலிருந்து கட்டி, நிறுவனம் திருப்பித் தராத மீட்டர் பார்க்கிங் பணம், குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும். அந்தக் கழிவுக்குப் பிறகு மணிக்கூலி சட்ட எல்லைக்குக் கீழே இறங்கினால் நிறுவனம் சட்டத்தை மீறுகிறது. ஒப்பந்தப்படி ஊழியரே பொறுப்பேற்ற ஒரு நடத்தைக்கான கழிவுக்கு இந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடைக்காது. ஆகவே தினசரி பார்க்கிங் செலவையும் அபராதத்தையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

நொட்டிங்ஹாமில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: 2012 முதல் அங்கே பணியிடப் பார்க்கிங் வரி உண்டு. அந்த வரி நிறுவனத்தின்மேல்தான் விழுகிறது. ஊழியரிடம் கைமாற்றுவது நிறுவனத்தின் முடிவு. அதைச் சம்பளத்தில் பிடிக்கவும் அதே எழுத்துச் சம்மதம் வேண்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு எழுதத் தொடங்குங்கள். தொலைபேசியில் பேசித் தீர்க்க முயலாதீர்கள், மின்னஞ்சலாகவே அனுப்புங்கள். டிக்கெட்டின் நகல், அது அலுவலகத்துக்கு வந்த தேதி, கட்டிய தேதி, கட்டிய தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். எந்த ஒப்பந்த விதியின் கீழ் பிடித்தீர்கள் என்று கேட்டு, அந்த விதி இல்லையென்றால் 13-ஆம் பிரிவின்படி பணத்தைத் திருப்பித் தரும்படி, ஒரு தேதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பிழை உங்களுடையது என்று மரியாதைக்காகக்கூட எழுத வேண்டாம். பதில் சரியில்லையென்றால் நிறுவனத்தின் முறைப்பாட்டு நடைமுறையில் எழுத்தில் முறையிடுங்கள்.

அதுவும் பயனளிக்காவிட்டால் வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் அமைப்பிடம் அறிவித்து, அதன் பிறகு தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயக் கட்டணங்களை இரத்துச் செய்ததால் வழக்குப் பதியக் கட்டணம் இல்லை. பணம் பிடித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்பதே நீண்ட காலமாக இருந்துவரும் கெடு. கெடுவை நீட்டும் சட்ட மாற்றங்களைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், அந்தக் குறுகிய கெடுவை மனத்தில் வைத்தே நடந்துகொள்ளுங்கள். நிறுவனங்கள் அதிகம் அறியாத ஒரு விதியும் உண்டு: சட்டவிரோதமாகப் பிடித்த தொகையைத் திருப்பித் தரும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டால், அந்தத் தொகையை வேறு எந்த வழியிலும் உங்களிடம் மீட்க முடியாது. நீங்கள் உண்மையிலேயே கடன்பட்டிருந்தாலும் அப்படித்தான். உரிமையைக் கேட்டதற்காக வேலையிலிருந்து நீக்கினால், எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள் என்ற கணக்கில்லாமல் அது நியாயமற்ற நீக்கம் ஆகும்.

‘நீங்கள் சுயதொழில் ஓட்டுநர்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் உடனே பின்வாங்க வேண்டியதில்லை. சம்பளத்தில் பிடிப்பதற்கு எதிரான பாதுகாப்பு நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் உரியதல்ல; தானே நேரில் வேலை செய்து, மற்றவரின் கட்டுப்பாட்டில் இயங்கும் தொழிலாளருக்கும் உண்டு. உண்மையிலேயே சொந்தத் தொழில் நடத்துபவருக்கு மட்டுமே அது கிடைக்காது.

என்னிடம் வந்தவரின் வாகனத் தாளில் ‘ஓட்டுநர் தவறால் வரும் பார்க்கிங் அபராதம்’ என்ற வரி இருந்தது. அட்மின் என்ற சொல் எங்கும் இல்லை. ஒரே மின்னஞ்சலில் 35 பவுண் திரும்பி வந்தது. டிக்கெட்டின் நகல் வந்தபோதுதான், அன்று அந்த வேனை ஓட்டியவர் வேறொருவர் என்பது அவருக்குத் தெரிந்தது.