வருமானம் குறைந்த கர்ப்பிணிக்குக் கர்ப்பகாலப் பராமரிப்பு கிடைக்க உதவுவது எப்படி?

சிங்கப்பூரில் நம் உறவிலோ அண்டை வீட்டிலோ ஒரு பெண் கருவுற்றிருக்கிறார், கையில் பணமில்லை என்று தெரியவந்தால், அவரை முதலில் எங்கே அழைத்துச் செல்கிறோம் என்பதே பின்னால் வரும் கட்டணங்களைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நேராக மருத்துவமனை நிபுணரிடம் பதிவு செய்பவர் பொதுவாகத் தனியார் நோயாளியாகவே கருதப்படுவார். அவருக்கு மானியம் கிடைக்காது. ஆகவே, முதலில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக் எனப்படும் அரசு வெளிநோயாளி மருத்துவ நிலையத்துக்கு) சென்று, கேகே மகளிர், சிறார் மருத்துவமனை அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற பொது மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெறவேண்டும். அப்போது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் குடும்ப வருமானத்துக்கேற்ப மானியம் உண்டு. மானியப் பிரிவில் மருத்துவரைத் தேர்ந்தெடுக்க இயலாது. பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று தயங்குவோர் நம்மிடையே இருப்பதால், இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

முதல் சந்திப்பு 12 வாரங்களுக்குள் அமையட்டும். 11 முதல் 14 வாரங்களுக்குள் செய்யவேண்டிய ஸ்கேனும், 20 வாரங்களை ஒட்டிய விரிவான ஸ்கேனும், 24 முதல் 28 வாரங்களுக்குள் செய்யப்படும் சர்க்கரைப் பரிசோதனையும் காலம் தவறினால் பயன் குறைபவை. “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று சந்திப்பைத் தள்ளிப்போடும் பெண்ணிடம், கர்ப்பகாலச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை என்பதைப் பொறுமையாக விளக்கவேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, பிரசவத்துக்கு முந்தைய மருத்துவச் செலவுகளுக்கு மெடிசேவிலிருந்து, அதாவது மத்திய சேமநிதியில் மருத்துவச் செலவுக்கென ஒதுக்கப்படும் சேமிப்புக் கணக்கிலிருந்து, 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை பெறலாம். கணவரின் கணக்கையும் பயன்படுத்தலாம். எனவே ஒரு ரசீதையும் தொலைக்கக்கூடாது. அதற்கு மேலும் பற்றாக்குறை இருந்தால், கட்டணம் பாக்கியாகும் வரை காத்திராமல், முதல் சந்திப்பிலேயே மருத்துவச் சமூக சேவகரைச் சந்திக்கக் கேட்கவேண்டும். சம்பளச் சீட்டையும் மத்திய சேமநிதிக் கணக்கு விவரங்களையும் கொண்டுசென்றால் வேலை விரைவாக நடக்கும். மருத்துவக் கட்டணம் செலுத்த இயலாத குடிமக்களுக்கென 1993ல் தொடங்கப்பட்ட மெடிஃபண்ட் நிதியுதவிக்கு விண்ணப்பிக்க வழிகாட்டுபவரும் அவரே.

தமிழகத்திலிருந்து மணமாகி வந்து, நீண்டகால வருகை அனுமதியில் இருக்கும் பெண்களின் நிலைதான் மிகவும் கடினமானது. வெளிநோயாளிச் சந்திப்புகளுக்கு அவர்கள் மானியத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ உள்ள கணவரின் மெடிசேவை அவர்களுக்கும் பயன்படுத்தலாம். அந்த அனுமதியின் மேம்பட்ட வகையான நீண்டகால வருகை அனுமதி பிளஸ் வைத்திருப்பவருக்கு மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு மானியம் உண்டு என்பதால், அவரிடம் இருப்பது எந்த அனுமதி என்பதை முதலில் பார்க்கவேண்டும். பிரசவச் செலவின் மதிப்பீட்டை முன்பே கேட்டு வாங்கி, தவணையில் செலுத்த முடியுமா என்றும் விசாரிக்கவேண்டும்.

வாடகையும் சாப்பாடுமே திண்டாட்டமாக இருக்கும் குடும்பத்துக்கு சமூக சேவை அலுவலகம் வழங்கும் அரசு நிதியுதவியான காம்கேர் உதவியை நாடலாம்; 1800-222-0000 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம். கர்ப்பகாலம் தொடங்கிக் குழந்தைக்கு 6 வயதாகும் வரை வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் துணைநிற்கும் கிட்ஸ்டார்ட் திட்டத்தில் சேரத் தகுதி உண்டா என்று மருத்துவமனையிலேயே விசாரித்துவிடுங்கள்.