ஒயினும் மீனுமாக இரண்டு நாள் புதுவைப் பக்கம் வருகிறவர்கள் செய்யும் சொதப்பல்கள்

சென்னையிலிருந்து வருகிற நண்பர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வியே தப்பு. "திராட்சைத் தோட்டம் எந்தப் பக்கம்டா? பிரெஞ்சுக்காரன் இருந்த ஊர்தானே?" இருந்தான், 1954 வரைக்கும் இருந்தான், அதற்காக இந்த வெயிலில் கொடிமுந்திரி படர்ந்து கிடக்கும் என்று நினைத்தால் எப்படி? புதுவையைச் சுற்றி நெல், கரும்பு, தென்னை. கடலூர்ப் பக்கம் இறங்கினால் முந்திரி, சவுக்கு. ஒயின் திராட்சையைக் கொடியிலேயே பார்த்தாகணும் என்றால் நாசிக் போங்கள், பெங்களூரைத் தாண்டி நந்தி மலைப் பக்கம் போங்கள். இங்கே வருவது வேறு காரியத்துக்கு. நல்ல கடையில் இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு, பாகூர் ஏரிப் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் வாடகைக்குத் தங்கி, அன்று காலை கரைக்கு வந்த மீனோடு அவசரமில்லாமல் சுவைத்துப் பார்ப்பது, அவ்வளவுதான். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன், வருஷத்துக்கு நாலு தடவையாவது இப்படி ஒரு கூட்டத்தைக் கட்டி மேய்க்கிறேன், அதனால் என்னென்ன தப்பு நடக்கும் என்பது மனப்பாடம். பாதி நானே செய்தது.

இத்தனைக்கும் ஒயின் இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேட்டில், 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ஆம்போரா என்கிற ரோமானிய ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன; கப்பலில் ஒயின் வந்தது அந்த மாதிரி ஜாடிகளில்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே வந்து இறங்கிய சரக்கு. இன்றைக்கு நம் ஆட்கள் 'ஒயின்ஷாப்' என்று சொல்கிற கடையில் போய்க் கேட்டால் ஒயினைத் தவிர எல்லாம் இருக்கும், அது தனிக்கதை.

கடையில்தான் முதல் தப்பு. விலையைப் பார்ப்பார்கள், லேபிளில் உள்ள கோட்டைப் படத்தைப் பார்ப்பார்கள், பாட்டில் எங்கே நின்றது என்று பார்க்கமாட்டார்கள். கண்ணாடி அலமாரியில் மதிய வெயில் படுகிற இடத்தில் மாசக்கணக்கில் நிற்கிற ஒயின், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், வெந்துபோன ஒயின். ஏசி ஓடுகிற கடையாகப் பாருங்கள், அடிக்கடி விற்று மாறுகிற சரக்காகப் பாருங்கள், சாதாரண வெள்ளை ஒயின் என்றால் மூன்று நாலு வருஷத்துக்கு மேல் பழசு வேண்டாம். 'பழசானால்தான் ருசி' என்பது எல்லா ஒயினுக்கும் பொருந்தாது, பெரும்பாலானவை சீக்கிரம் குடிக்கச் செய்தவை. திருகுமூடி போட்டிருந்தால் மட்டம் என்றும் நினைக்காதீர்கள், நம் வெயிலுக்குக் கார்க்கை விட அது நிம்மதி.

அப்புறம் வாங்கினதை எங்கே வைக்கிறீர்கள்? ஒரு மே மாசம் நான் இரண்டு பாட்டிலைக் கார் பின்னால் போட்டுவிட்டு, சாப்பிடப் போய், வெளியே வர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. திறந்தால் ஒரு பாட்டிலில் கார்க் அரை விரல் அளவு மேலே எழும்பி நிற்கிறது, மேலே சுற்றியிருந்த தகடு பிசுபிசுவென்று. உள்ளே இருந்தது பழைய புளிக்காய்ச்சல் வாசனை. இப்போதெல்லாம் மீனுக்கு எடுத்துப்போகிற தெர்மாகோல் பெட்டியில்தான் ஒயினும் பயணம் செய்கிறது.

ரெட் ஒயினை 'அறை வெப்பத்தில்' குடிக்கணும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் உண்டு. அந்த அறை ஐரோப்பாக்காரன் அறை, 16, 18 டிகிரி இருக்கும். நம் அறை 33. அந்தச் சூட்டில் பழ வாசனை எல்லாம் போய் ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறும். ரெட்டை அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெள்ளையை நன்றாகவே குளிரவிடுங்கள்.

ருசி பார்ப்பது என்றால் டம்ளர் நிறைய ஊற்றிக்கொள்வது இல்லை. ஐம்பது மில்லி போதும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், வாசனை நிற்காது. நல்ல கிளாஸ் இல்லையென்றால் டீக்கடைக் கண்ணாடி கிளாஸ்கூடப் பரவாயில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு, வயிறு முட்டுவதற்கு முன்னால் உட்காருங்கள், இலைச்சாப்பாட்டுக்கு அப்புறம் வெற்றிலை போட்ட வாயோடு அல்ல. முக்கியமாக, பக்கத்தில் கொசுவத்தி கொளுத்தாதீர்கள். தோப்பு வீட்டில் கொசு பிடுங்கும், புரிகிறது, ஆனால் கொசுவத்திப் புகையில் எந்த ஒயினும் கொசுவத்தியாகத்தான் மணக்கும். மின்விசிறியைக் காலுக்குக் கீழே திருப்பி வையுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம், பெரிய தப்பெல்லாம் அங்கேதான். நண்பன் ஒருத்தன் விலை உயர்ந்த ரெட் ஒயின் கொண்டுவந்தான், நான் சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தேன், முதல்நாள் வைத்தது, நல்லெண்ணெய் மிதக்கிறது. ஒரு வாய் குழம்புச்சோறு, ஒரு மடக்கு ஒயின். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். துருப்பிடித்த ஆணியை நக்கினது போல, கூடவே கவிச்சி. ரெட் ஒயினில் கொஞ்சம் இரும்பு இருக்கும், அது மீன் கொழுப்போடு சேர்ந்தால் கவிச்சியைக் கிளப்பிவிடும். போதாததற்கு மிளகாய். ஆல்கஹால் காரத்தை இன்னும் ஏற்றும், ரெட்டில் உள்ள துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடிக்கும். அறுசுவையில் துவர்ப்பை ஒரு சுவையாகவே எண்ணி வைத்தவர்கள் நாம், நாவல்பழம் தின்றவனுக்கு டானின் என்றால் என்னவென்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நாவல்பழத்தோடு மீன் குழம்பு சாப்பிடுகிறோமா என்று யோசித்தால் போதும்.

என் முடிவு: புளி ஊற்றின குழம்போடு ஒயினே வேண்டாம். புளிப்பான சாப்பாட்டுக்கு முன்னால் புளிப்புக் குறைந்த ஒயின் தண்ணீராகிவிடும், ஒயினுக்காகக் குழம்பில் புளியைக் குறைத்தால் அது குழம்பே இல்லை. குழம்பு மதியத்துக்கு, ஒயின் சாயங்காலத்துக்கு. சாயங்காலம் நெத்திலி வறுவல் போடுங்கள், மிளகாய்த்தூளைப் பாதியாக்கி, கொஞ்சம் அரிசிமாவு தூவி மொறுமொறுவென்று. அதோடு நன்றாகக் குளிர்ந்த, புளிப்பு தூக்கலான வெள்ளை ஒயின், சோவிஞோன் பிளாங்க் மாதிரி. எண்ணெயையும் உப்பையும் அது வழித்தெடுத்துவிடும், அடுத்த நெத்திலிக்கு வாய் தானாகத் தயாராகும். ரெட் திறக்கணும் என்றால் மிளகு போட்ட மட்டன் வறுவல் செய்யுங்கள். ஷிராஸ் என்கிற ரெட் ஒயினில் மிளகு வாசனை வருகிறது என்பது கற்பனை இல்லை, மிளகின் வாசனைக்குக் காரணமான அதே பொருள்தான் அந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. கொறிக்க நெய்யில் வறுத்த பண்ருட்டி முந்திரி. பலாச்சுளையோடு மட்டும் சேர்க்காதீர்கள், அந்த இனிப்புக்கு முன்னால் ஒயின் வெறும் புளித்தண்ணி.

மீன் வாங்கப் பத்து மணிக்கு எழுந்து கிளம்புகிறவர்களை என்ன சொல்ல? கடலூர் முதுநகருக்கு விடிகாலையிலேயே போகணும். வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் இன்றைக்கு எது நல்லாயிருக்கு என்று கேளுங்கள். போன தடவை கூடைக்காரக்கா நான் கேட்டதைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு கொடுவாவை எடுத்துச் செவுளை விரலால் தூக்கிக் காட்டினார், செக்கச்செவேல் என்று இருந்தது. "இத வாங்கிட்டுப் போ தம்பி, அது நேத்து ஐஸு." ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த நேரத்தில் பெரிய மீனுக்கு ஆசைப்பட்டால் காசு தண்ணீராய்ப் போகும். சின்னப் படகுகள் கொண்டுவருகிறதை வாங்குங்கள்.

கடைசியாக, எல்லை. புதுவை ஒரே துண்டாக இல்லை. நடுநடுவே தமிழ்நாட்டு ஊர்கள் புகுந்து கிடக்கின்றன, ஒரு தெருவைத் தாண்டினால் சட்டம் மாறும். புதுவையில் வாங்கின மதுவை அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், வண்டியையும் பிடித்து வைத்துக்கொள்வார்கள். 'மிச்சம் அரை பாட்டில்தானே' என்கிற கதை அங்கே எடுபடாது. அதனால்தான் இரண்டே பாட்டில் வாங்கச் சொல்கிறேன், 750 மில்லி பாட்டில் ஐந்து கிளாஸ், நாலு பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தாராளம். குடித்தவர் ஸ்டியரிங்கைத் தொடவும் வேண்டாம், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு, முதல்தடவை மாட்டினாலே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரை சிறையோ, சிலநேரம் இரண்டுமே.

ஊருக்கு ஏதாவது எடுத்துப்போக ஆசையென்றால் வடகம் வாங்குங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம் எல்லாம் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து வெயிலில் காயவைத்த உருண்டை. பிரெஞ்சுக்காரன் இங்கிருந்து கொண்டுபோய் 'வடுவான்' என்று பெயர் வைத்துத் தன் சமையலில் சேர்த்துக்கொண்டது இதைத்தான். போன மாசம் சோதனைச்சாவடியில் என் பையைத் திறந்த போலீஸ்காரர் உள்ளே மூக்கை நுழைத்தார், பொட்டலத்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "வடகமா? எங்க சார் வாங்குனீங்க?"