நாடுகளின் கடனுக்காக எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் இலங்கையின் கடன் வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்கள் டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுகளில் வாழ்கின்றன. அவர்களின் சொந்தபந்தங்கள் இன்றும் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கொழுந்து பறிக்கிறார்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் சேர்ந்து ஏழை நாடுகளின் கடன் குறைப்புக்காகப் பேச இந்த மலைக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் யாரிடம், எந்தக் கடனில், என்ன மாற்றம் கேட்கிறோம் என்பது மனுவில் இல்லாவிட்டால், எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாலும் அது கோப்பில்தான் கிடக்கும்.

முதல் தவறு நோட்டீஸிலேயே தொடங்குகிறது. 'கடன் தள்ளுபடி' என்று அச்சடித்தால், கூட்டுறவுச் சங்க நகைக்கடன் ரசீதையும் மகளிர் குழுப் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு ஜனங்கள் வந்துவிடுவார்கள். அவர்கள் மேல் பிழையே இல்லை. தமிழ்நாட்டில் 2021இல் பயிர்க்கடனும், ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனும் தள்ளுபடியானபோது கேட்ட சொல் அது. ஏமாந்து திரும்பியவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். 'இலங்கை, ஜாம்பியா போன்ற நாடுகளின் அரசுக் கடனைக் குறைக்கக் கோரி' என்று முழுசாகப் போடுங்கள்.

அடுத்தது, கடன் கொடுத்தவர் யார் என்று பார்க்காமல் பேசுவது. 'எல்லாம் சீனாக் கடன்' என்பது மேடையில் எடுபடும், ஆனால் உண்மை அல்ல. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது, மறுசீரமைக்க வேண்டியிருந்தவற்றில் பெரிய பங்கு தனியார் முதலீட்டாளர்கள் வாங்கியிருந்த சர்வதேசக் கடன் பத்திரங்கள், சுமார் 1,250 கோடி டாலர். சீனாவின் எக்ஸிம் (ஏற்றுமதி-இறக்குமதி) வங்கியோடு ஏறக்குறைய 420 கோடிக்குத் தனி உடன்பாடு. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் இணைத் தலைமை வகித்த கடன் கொடுத்த நாடுகளின் குழுவோடு 2024 ஜூனில் சுமார் 580 கோடிக்கு இன்னொன்று. மூன்று தரப்புக்கும் ஒரே கடிதம் எழுதினால் மூவருமே அதைத் தங்களுக்கு வந்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

'குறைப்பு' என்ற சொல்லுக்குள்ளும் மூன்று வேறு வேலைகள் உண்டு: அசலை வெட்டுவது, வட்டியைக் குறைப்பது, தவணையை நீட்டுவது. அரசுகளின் குழு இலங்கைக்குக் கொடுத்தது பின்னிரண்டும்தான். அசலில் வெட்டு இல்லை. பத்திரக்காரர்கள் அசலில் 27 சதவீதம் விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் அவர்களுக்குப் போகும் தொகையும் கூடும். இதைத் தெரியாமல் 'கடன் மன்னிக்கப்பட்டது, நன்றி' என்று தீர்மானம் போட்டால் கேட்க வேண்டிய கேள்வி அடிபட்டுப்போகும். உள்நாட்டுப் பக்கத்தையும் மறக்கக் கூடாது. 2023இல் இதே மறுசீரமைப்புக்காக இலங்கையின் ஊழியர் சேமலாப நிதி (நம்மூர் பி.எஃப். போன்றது) வைத்திருந்த அரசுப் பத்திரங்கள் புதியவற்றுக்கு மாற்றப்பட்டன. வங்கிகளின் ரூபாய்ப் பத்திரங்கள் தொடப்படவில்லை. தோட்டத் தொழிலாளியின் ஓய்வுக்காலப் பணம் அந்த நிதியில்தான் இருக்கிறது. ஹட்டனில் சொந்தம் உள்ளவரிடம் இந்த ஒன்றைச் சொன்னால் போதும், மீதி விளக்கம் தேவைப்படாது.

மனுவைக் கலெக்டரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பது வீண் அலைச்சல். இதில் மாவட்ட நிர்வாகத்துக்கு அதிகாரம் இல்லை. ஒன்றிய நிதி அமைச்சருக்கு எழுதுங்கள், நகலை நீலகிரி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கொடுங்கள். ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) நிர்வாகக் குழுவில் இந்தியா, இலங்கை, வங்கதேசம், பூடான் நான்குக்கும் ஒரே பிரதிநிதிதான் என்பதைக் கடிதத்திலேயே சுட்டிக்காட்டலாம். மக்களவையில் கேள்வி கேட்க 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதனால் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே, அப்படியே கேட்கக்கூடிய ஒற்றைக் கேள்வியாக எழுதிக் கொடுப்பது நல்லது.

வேத வசனங்களில் சறுக்குவதுதான் அதிகம் வலிக்கும், ஏனென்றால் சபையில் அதை அறிந்தவர்கள் இருப்பார்கள். ஐம்பதாம் ஆண்டு யூபிலியைச் சொல்லும் லேவியராகமம் 25, நிலம் உரியவருக்குத் திரும்புவதையும் அடிமைகள் விடுதலையாவதையும் பேசுகிறது. ஏழாண்டுக்கு ஒருமுறை கடனை விட்டுவிடச் சொல்வது உபாகமம் 15. கத்தோலிக்கர் அந்த நூலை இணைச்சட்டம் என்பார்கள். இரண்டு பெயரையும் அச்சிடுங்கள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், சீர்திருத்தச் சபையார் படிக்கும் பழைய தமிழ் வேதாகமம் 'கடன்களை மன்னியும்' என்கிறது, கத்தோலிக்கர் 'குற்றங்களை' என்பார்கள். சேர்ந்து சொல்ல வைத்தால் முக்கியமான சொல்லிலேயே குரல் பிரியலாம். குர்ஆன் 2:280 கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது, விட்டுக்கொடுப்பது இன்னும் மேல் என்கிறது. அதை மேற்கோள் காட்டிய அதே தீர்மானத்தில் 'நியாயமான வட்டி' என்று எழுதினால் இமாம் எப்படிக் கையெழுத்திடுவார்? 'சுமையைக் குறைத்து, காலம் கொடுங்கள்' என்றால் எல்லோரும் ஒப்புவார்கள். சேர்ந்த வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்ற தாம்துபட் விதி பழைய தர்மசாஸ்திர மரபில் இருக்கிறது. இந்துத் தரப்புக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. அதை விட்டுவிட்டு, கடன்பட்டவர் நெஞ்சம்போல் இலங்கை வேந்தன் கலங்கிய வரியைக் கம்பர் பெயரில் முழங்குகிறார்கள். அது கம்பராமாயணத்தில் இல்லை. போதாக்குறைக்கு, இலங்கைக்காகப் பேசும் மேடையில் இராவணனை இழுப்பது உதவாது.

உண்டியல் வைக்காதீர்கள். 2022இல் தமிழ்நாடு அரசு இலங்கைக்கு அனுப்பிய 40,000 டன் அரிசியும் 500 டன் பால் மாவும் நிவாரணம். அரசுக் கடன் வசூலால் தீருவதில்லை. வெளிநாட்டு அமைப்பு பயணப்படி தருவதாகச் சொன்னால், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு வாங்கவே கூடாது. பதிவுள்ள சபையின் கணக்கில் வாங்கி உங்களுக்கு மாற்றித் தருவதையும் 2020 திருத்தம் தடை செய்துவிட்டது.

தேதி குறிக்கும்போது ஏப்ரல், மே சீசனை விடுங்கள். போலீஸ் முழுக்க டிராஃபிக்கில் இருக்கும், மைக் அனுமதி இழுக்கும். ஜூன், ஜூலையில் கூடலூர் மழை. வெள்ளி மதியத்தையும் ஞாயிறு காலையையும் தவிர்த்தால் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி சரிப்படும். நாலரைக்குள் முடித்துவிடுங்கள். பந்தலூர் எஸ்டேட் சாலைகளில் இருட்டிய பிறகு யானை நடமாட்டம் உண்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் நடந்துதான் போக வேண்டும். தண்ணீருக்குக் குடமும் டம்ளரும் வையுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை.