வடிகால் தூர்வார வேண்டுமா? மனுவைச் சித்திரையிலேயே கொடுங்கள்

மழை மனுக்கள் எல்லாம் ஐப்பசியில்தான் வரும். கடலூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த மாதத்தில் தபால் மேசை நிரம்பிவிடும். பொறியாளரோ ஏரிக்கரையில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருப்பார். இடுப்பளவு தண்ணீர் ஓடும் வாய்க்காலில் பொக்லைன் எப்படி இறங்கும்? மதிப்பீடு, நிதி, டெண்டர் என்று காகிதம் நடக்கவே கோடை முழுக்க வேண்டும். அதனால் சித்திரையில் தொடங்குங்கள்.

முதலில் அந்த வாய்க்கால் யாருடையது என்று பாருங்கள். பாதி மனுக்கள் சாவது இங்கேதான். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் (சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு) கிராம வரைபடமும் இருக்கும். அதில் வாய்க்காலின் சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாய்க்காலோடு நடந்து பாருங்கள். தெருவோரக் கால்வாய், குட்டை என்றால் ஊராட்சி. நூறு ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள ஏரியும் அதன் கலிங்கும் (உபரி நீர் வழியும் இடம்) நீர்வளத்துறை. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியம். நடுவில் சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலம் நெடுஞ்சாலைத்துறையுடையதாக இருக்கலாம், தண்டவாளத்துக்கு அடியில் என்றால் ரயில்வே. ஒரே வாய்க்காலுக்கு மூன்று சொந்தக்காரர்கள் இருப்பது நம்மூரில் சாதாரணம். துறைக்கு ஒரு மனுவாகத் தனித்தனியே எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் "தங்கள் துறை சார்ந்தது" என்று ஒவ்வொரு அலுவலகமும் அடுத்ததற்குத் தள்ளிவிடும். அப்படிப்பட்ட குறிப்பாணைகளை நானே எத்தனையோ தட்டச்சு செய்திருக்கிறேன்.

மனு ஒரு பக்கம் போதும். சர்வே எண், எங்கிருந்து எங்கே வரை அடைப்பு, 2015 நவம்பர் வெள்ளத்திலும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் தண்ணீர் எந்தத் தெரு வரை ஏறியது, ஒரு புகைப்படம். ஃபெஞ்சலின்போது சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்ததில் தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாட்டை அதிகாரிகளுக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சில நாள் கழித்துப் போய் ந.க. எண்ணை, அதாவது உங்கள் கோப்புக்குத் தந்த எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணின் தொடக்கத்தில் உள்ள எழுத்து, கோப்பு எந்த எழுத்தரின் இருக்கையில் இருக்கிறது என்று சொல்லிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் பேச வேண்டியது அந்த எழுத்தரிடம்தான், அதிகாரியிடம் இல்லை.

மே 1 கிராம சபையில் அதே கோரிக்கையைத் தீர்மானமாகப் போடச் செய்யுங்கள். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் திட்டத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதிலுள்ள தாழ்வான பகுதிகளின் பட்டியலில் உங்கள் ஊர்ப் பெயர் இல்லாவிட்டால், தீர்மான நகலை இணைத்துச் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். பாகூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அது புதுச்சேரி, அங்கே கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஆடி வரை ஒன்றும் நடக்கவில்லையா? பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். "ஏன் தூர்வாரவில்லை?" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. பணி ஆணை நகல், எம் புக் (செய்த வேலையை அளந்து எழுதும் அளவைப் புத்தகம்) நகல், ஒப்பந்ததாரருக்குத் தொகை கொடுத்த பட்டியலின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். எம் புக்கில் எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம் என்று இருக்கும். தூர்வாரியதாக எழுதியிருந்தால் டேப்போடு போய் அளந்து பார்க்கலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு.

புரட்டாசியில் ஒரு வேலை மீதி இருக்கிறது, இதற்கு மனு வேண்டாம். ஊரின் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்ச் சாவி யாரிடம் இருக்கிறது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, ஜெனரேட்டருக்கு டீசல் யார் வாங்கித் தருவார் என்று கேளுங்கள். சாவி வைத்திருப்பவரின் கைப்பேசி எண்ணையும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணையும் கதவில் பெயின்ட்டால் எழுதச் சொல்லுங்கள். தாளில் ஒட்டினால் முதல் மழையிலேயே போய்விடும்.